சந்தனம் தின்ற புள்ளி

அன்று காலை பதினொன்று பத்துக்கு, செம்பூத்துப்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தர்மலிங்கத்தின் இன்டர்நெட் மையத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்: கம்ப்யூட்டர் முன்னால் தர்மலிங்கம், அவன் பக்கத்து ஸ்டூலில், வேலைக்கு விண்ணப்பம் போட வந்த மோகனப்பிரியா, வயது இருபத்துநாலு, அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற அவள் அம்மா சிவகாமி, வயது நாற்பத்தொன்பது, சாதிச் சான்றிதழுக்கு வந்த கணவனும் மனைவியும், அவர்கள் மடியில் ஒரு கைக்குழந்தை, வாசலில் டோக்கன் கொடுக்கும் நாச்சிமுத்துவாகிய நான், வயது எழுபத்தொன்று. சுவரில் ஒரு பல்லியும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. நான் எட்டாவது வரை படித்து, நூல் மில் கேட்டில் முப்பத்தொரு வருஷம் ஆள் வருகை எழுதியவன் என்பதால், இதில் வரும் எண்களை மட்டும் தைரியமாக நம்பலாம்.

மோகனப்பிரியா பி.காம். முடித்த மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இருநூற்றொன்பது கம்பெனிகள் பதில் போடவில்லை. இரண்டு கம்பெனிகள் அவளுடைய விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லின. ஒரு கம்பெனி மட்டும் மனமிரங்கி, தங்கள் பக்கத்தைப் பின்தொடரச் சொன்னது. அவளும் பின்தொடர்ந்தாள். அங்கே தினமும் யாராவது ஒருவர் புதிய வேலையில் சேர்ந்து, அதை மிகுந்த பணிவோடு பத்தாயிரம் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அவள் எடுத்து வந்த விளம்பரம் இப்படி இருந்தது: அனுபவம் இல்லாத புதியவர்கள் தேவை, குறைந்தது நான்கு வருட அனுபவம் அவசியம்.

“ஏனுங்ணா, புதுசா வர்றவளுக்கு நாலு வருஷம் எப்படீங்ணா இருக்கும்?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் கேக்கக் கூடாது அம்மிணி. கேட்டா ஆட்டிட்யூட் சரியில்லைனு எழுதிப்போடுவாங்க,” என்றான் தர்மலிங்கம். “நாலுனு போட்டுக்கலாம். ஊரே போடுது.”

“எந்தக் கம்பெனினு போடறது?”

தர்மலிங்கம் சுவரைப் பார்த்தான். வேலவன் ரைஸ் மில் கொடுத்த காலண்டர் தொங்கியது. “வேலவன் குளோபல் சொல்யூஷன்ஸ்,” என்றான். “சொல்யூஷன்ஸுனு போட்டுட்டா, என்ன செய்யற கம்பெனினு ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

அனுபவத்தை வருஷம், புள்ளி, மாதம் என்று கேட்டது வேலை தேடும் இணையதளம். நாலு, புள்ளி, சைபர் என்று தர்மலிங்கம் மூன்று சாவிகளைத் தட்டினான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு, தர்மலிங்கத்தின் மனைவி கீபோர்டுக்கும் ஒரு சாவி விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். மற்ற சாவிகளில் சந்தனம் உதிர்ந்துவிட்டது. புள்ளிச் சாவியில் மட்டும் அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, சாவியை அப்படியே பிடித்து வைத்திருந்தது. நாலு விழுந்தது, சைபர் விழுந்தது, புள்ளி விழவில்லை. தர்மலிங்கம் எண்டரைத் தட்டினான்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஸ்டூலில் அறுபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே பச்சை சுடிதார், அதே துப்பட்டா, கையில் அதே பிளாஸ்டிக் ஃபைல். தலை மட்டும் முழுக்க வெளுத்திருந்தது, கழுத்தில் மூன்று மடிப்பு விழுந்திருந்தது, எழுத்து தெரியவில்லை என்று அவள் திரையிலிருந்து தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தர்மலிங்கம் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், “நாப்பதுனு போயிருச்சாட்ட இருக்குது,” என்றான். சான்றிதழுக்கு வந்தவர், தங்கள் வேலை இன்றைக்கு முடியுமா என்று கேட்டார். சிவகாமி மகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்,” என்றாள். பெற்ற பிள்ளையை ‘ங்க’ போட்டுச் சொன்னது வாசலைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது; அங்கேயே நின்று அழுதாள்.

வெளியே வந்த மோகனப்பிரியா, காலையில் என்னிடம் டோக்கன் வாங்கும்போது தாத்தா என்று கூப்பிட்டவள், “அண்ணா, அந்தச் செருப்பக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, குனிய முடியல,” என்றாள். தள்ளினேன்.

ஒன்பதாவது நிமிஷம் அவளுடைய போன் அடித்தது. மூன்று வருஷத்தில் முதல் அழைப்பு.

ஷெரில் என்று பெயர் சொன்ன அந்தப் பெண், கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஆள் எடுப்பவள். “மேம், உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. நாப்பது வருஷம் ஒரே கம்பெனி. இந்தக் காலத்துல இப்படி ஒரு லாயல்ட்டியா?” என்றாள். வேலவன் குளோபல் சொல்யூஷன்ஸ் என்ன செய்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் டவுன் பஸ்ஸில் அவளுக்கு முன்சீட்டு கிடைத்தது. கண்டக்டர் அவளைப் பெரியம்மா என்றார், அவளோடு காலேஜில் படித்தவர்கள் முதலில் சிரித்து, பிறகு பழகி, அவர்களும் பெரியம்மா என்றார்கள். எதிர்வீட்டு மருதாத்தாள், “வேலைக்குனு போனா கொஞ்சம் மெலியறது, கறுக்கறதெல்லாம் இருக்கறதுதான் கண்ணு,” என்று சிவகாமிக்கு ஆறுதல் சொன்னாள். தர்மலிங்கம் நல்ல எண்ணத்தில் ஒரு படம் எடுத்து, ‘அறுபத்துநாலு வயதில் முதல் வேலை தேடும் சிங்கப்பெண்’ என்று போட்டான். பதினாலாயிரத்து முந்நூற்று இரண்டு பேர் விருப்பம் சொன்னார்கள், அறுநூற்றுப் பதினெட்டுப் பேர் கைகூப்பினார்கள், தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுப்பவர்கள் பதினோரு பேர் அவள் கதையைத் தங்கள் கதையாகச் சொல்லி வகுப்பு நடத்தினார்கள். வேலை கொடுக்கிறேன் என்று எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் ஒரே எண்தான் வந்தது, அது சைபர்.

ஆனால் ஒன்பது நிமிஷத்தில் போன் வந்தது என்ற செய்தி, அவள் நரைத்த செய்தியைவிட வேகமாகப் பரவியது. புரட்டாசி முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், புள்ளிச் சாவியைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்த தர்மலிங்கத்திடம் வந்து, ஆளுக்கு மூன்று, ஐந்து, எட்டு என்று வேண்டிய வருஷத்தைப் போட்டு வாங்கிக்கொண்டு, அதற்குத் தகுந்த தொப்பையோடும் வழுக்கையோடும் திரும்பிப் போனார்கள். மொத்தம் நூற்றெழுபத்தொரு வருஷம். ஊர் கிரிக்கெட் டீமில் ஓடக்கூடியவர்கள் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். கல்யாணத் தரகர், “அனுபவம் போக வயசு எவ்வளவுங்க?” என்று கேட்கப் பழகிக்கொண்டார். சோசியர் ஜாதகத்தில் இரண்டு வரி கூடுதலாக விட்டு, பிறந்த தேதிக்குக் கீழே அனுபவம் சேர்ந்த தேதி எழுதினார். முப்பத்தெட்டில் பதினொரு பேருக்கு நிஜமாகவே வேலை கிடைத்தது. அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள், மூட்டுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு.

மோகனப்பிரியாவை ஷெரில் ஐந்து சுற்று நேர்காணல் செய்தாள். வீடியோவில் முதல் சுற்று, தன்னைப் பற்றி. இரண்டாவது, தன் பலவீனம் பற்றி. மூன்றாவதில், ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள். மோகனப்பிரியா, “தெரியலீங்க, அறுபத்தொன்பது ஆயிருக்கும்,” என்றாள். நாலாவதில் ஒரு விளையாட்டு. ஐந்தாவது சுற்று இருபத்தெட்டாம் நாள்.

“மேம், எல்லாம் ஓகே. ஆனா எங்களோடது யங் டீம். முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லை. நாப்பது வருஷ அனுபவம் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம்,” என்றாள் ஷெரில். “உங்க விவரங்களைப் பத்திரமா வெச்சுக்கறோம்.”

அன்றைக்குத்தான் மோகனப்பிரியா முதல் தடவையாகத் தன் வருஷங்களைத் திரும்பக் கேட்டாள். அதுவரை வேலை கிடைத்துவிடும் என்ற நினைப்பில் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தர்மலிங்கம் தளத்தின் புகார்ப் பெட்டியில் நடந்ததை எழுதினான். உடனே பதில் வந்தது, பணிவான பதில்: பதிந்த அனுபவத்தை நீக்க, சம்பந்தப்பட்ட கம்பெனியில் அறுபது நாள் நோட்டீஸ் காலம் வேலைக்கு வந்து, ரிலீவிங் லெட்டர் வாங்கி இணைக்க வேண்டும். வந்த நாளுக்குத் தகுந்தபடி அனுபவம் கழியும். பதிந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் முடிந்தால் மிச்சம் இருப்பது உறுதியாகிவிடும். பிறகு மாற்ற முடியாது.

நாற்பது வருஷத்தை அறுபதால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு எட்டு மாதம். இருபத்தொன்பது நாள் போயிருந்தது. முப்பதாம் நாளை விட்டால் மீதி சரியாக அறுபது.

“அதுக்கென்ன, கம்பெனிய ஆரம்பிச்சுப்போடலாம்,” என்றான் தர்மலிங்கம்.

அந்த முப்பதாம் நாளில் ஆரம்பித்துவிட்டார்கள். காலியாகக் கிடந்த கோழித்தீவனக் கிடங்கைக் கூட்டித் தள்ளி, வேலவன் குளோபல் சொல்யூஷன்ஸ் என்று ஃப்ளெக்ஸ் போர்டு கட்டி, பந்தல்காரரிடம் முப்பது நாற்காலி எடுத்தார்கள். வருகை எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னை ஹெச்.ஆர். தலைவர் ஆக்கினார்கள். நான் மேடை ஏறிப் பேசிப் பழகாதவன், பதவி வேண்டாம் என்றேன். அந்தப் பதவியில் யாரோடும் பேசத் தேவையில்லை என்று தர்மலிங்கம் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டேன். மோகனப்பிரியாவோடு, வேலை கிடைக்காத மற்ற இருபத்தேழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். காலை பத்து மணிக்கு மீட்டிங். நேற்று என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்; ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னார்கள். இன்று என்ன செய்யப் போகிறோம் என்றால், அதையே. மாலை ஆறு மணிக்கு நான் பதிவேட்டில் ‘பிரசென்ட்’ என்று எழுதி முடித்ததும், மோகனப்பிரியாவிடமிருந்து எட்டு மாதம் கழியும். தளத்தில் அவள் பெயருக்கு நேராக இருந்த எண்ணும் அதே அளவு குறையும். மற்றவர்களுக்கு அவரவர் போட்டதற்குத் தகுந்த மாதிரி சில வாரங்கள் போகும்.

கம்பெனி நடத்தினால் பக்கம் வேண்டும் என்று தர்மலிங்கம் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினான். இரண்டு வாரத்தில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர் அதில் வேலை கேட்டு எழுதினார்கள். ஆறு மணிக்கு மேல் ஒருவரும் வேலை செய்யாத கம்பெனி என்று வெளியூர்ப் பத்திரிகை ஒன்று பாராட்டியது. கூட்டத்தைக் குறைக்க, தர்மலிங்கம் விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தான்: குறைந்தது ஏழு வருட அனுபவம்.

“நீயுமா, தர்மு?” என்றேன்.

“வேற எப்படீங்ணா ஆளக் கழிக்கறது?” என்றான். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் கேட்டான்.

முதல் நாற்பத்தைந்து நாளும் மோகனப்பிரியா தவறவில்லை. மழையிலும் வந்தாள், கார்த்திகை தீபத்துக்கும் வந்தாள். சாப்பாட்டு டப்பா மூடி திறக்க முடியாமல் என்னிடம் கொடுத்த விரல்கள் கம்பெனியின் பத்தாம் நாளில் தாமே திறந்தன. இருபதாம் நாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முதல் வாரம் அண்ணா என்று கூப்பிட்டவள், நடுவில் மாமா என்று கூப்பிட்டு, நாற்பதாம் நாளையொட்டிப் பெரியப்பாவுக்கு வந்து சேர்ந்தாள். கூப்பிடும் முறையை வைத்தே நான் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வேன்.

நாற்பத்தைந்தாம் நாள் மாலை, நான் எழுதி முடித்தபோது, நாற்பதில் முப்பது வருஷம் கழிந்து பத்து மிச்சமிருந்தது. வயது முப்பத்துநாலு. பதிவேட்டை மூடுவதற்குள் அவள் போன் அடித்தது. ஷெரில்தான், ஆனால் புது ஆளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“மேம், உங்க ப்ரொஃபைலை இப்பதான் பாத்தேன். பத்து வருஷ அனுபவம், வயசு முப்பத்துநாலு. இதுக்குத்தான் ரெண்டு மாசமா தேடிட்டிருக்கோம். நாளைக்கு நேர்ல வந்து, ஒரு நாள் முழுக்க டீமோட உக்காந்து பாருங்க. பிடிச்சா அப்படியே சேந்துக்கலாம்.”

மகளைக் கூட்டிப்போக வந்திருந்த சிவகாமிதான் முதலில் வாய் திறந்தாள். “முப்பத்துநாலு ஒண்ணும் பெரிய வயசில்ல சாமி. இதோட நிறுத்திக்கலாம். எனக்கும் உனக்கும் பதினஞ்சு வருஷம் வித்தியாசம் வரும், கேக்கறவங்க கேட்டுட்டுப் போறாங்க.”

“பத்து வருஷம் போயிரும்மா.”

“அதுல என்ன பண்ணீருப்ப? விண்ணப்பம் போட்டுட்டு உக்காந்திருப்ப.”

மோகனப்பிரியா என்னைப் பார்த்தாள். “நாளைக்கு வர்லீனா எவ்வளவு போகும் பெரியப்பா?”

“எட்டு மாசம். திரும்ப வராது. ஈடு கட்ட உபரி நாள் ஒண்ணும் இல்ல.”

“செரி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் பெயருக்கு நேராக ‘ஆப்சென்ட்’ என்று எழுதினேன். அன்று மாலை அவளுக்கு எதுவும் கழியவில்லை.

நாற்பத்தேழாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் மீட்டிங்கில், நேற்று என்ன செய்தாய் என்ற கேள்விக்கு ஒன்றும் செய்யவில்லை என்ற பதில் வராத ஒரே நாள் அதுதான்.

“பட்டன் அமுக்குனேன்,” என்றாள். “வேலை கேட்டு வர்ற விண்ணப்பம் ஒவ்வொண்ணா திரையில வரும். வந்ததும் அமுக்கணும். அமுக்குனா, உங்க விவரங்களைப் பத்திரமா வெச்சிருக்கறோம்னு அவங்களுக்கு லெட்டர் போகும். சாயந்தரத்துக்குள்ள தொள்ளாயிரத்து நாலு. இதை யாராச்சும் படிப்பாங்களானு கேட்டேன். அதுக்கு நேரமில்லை மேம், அதனாலதான் அனுபவம் உள்ள ஆளா தேடறோம்னு சொன்னாங்க.”

“எங்க வெச்சிருக்காங்களாம், பத்திரமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“அதையும் கேட்டேன். சிரிச்சாங்க.” அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். “நான் இன்னிக்கு ஒண்ணும் செய்யப் போறதில்ல. அடுத்த ஆள் சொல்லுங்க.”

அதன் பிறகு மீதிப் பதின்மூன்று நாளும் வந்தாள். ஐம்பதாம் நாள் வாக்கில் மறுபடி தாத்தா என்று கூப்பிட்டாள். அந்த வாரம் எங்கள் பக்கத்துக்கு வந்த விண்ணப்பங்களில் ஷெரிலுடையதும் ஒன்று. அவள் கம்பெனியில் ஆள் குறைப்பாம், அவளுக்கு ஆறு வருஷ அனுபவம்தான். எங்கள் நிபந்தனைக்கு ஒரு வருஷம் போதவில்லை. மோகனப்பிரியா அவளைப் போனில் கூப்பிட்டுத் தானே சொல்லிவிட்டாள், லெட்டர் அனுப்பவில்லை. இருபது நிமிஷம் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விண்ணப்பம் பதிந்து தொண்ணூறாம் நாள், அதாவது கம்பெனியின் அறுபதாம் நாள், மாலை ஐந்தரைக்குப் பதிவேட்டைக் கூட்டினேன். சிவகாமி என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“ஏனுங்ணா, அந்த ஒரு நாள பிரசென்டுனு போட்டுட்டா முழுசாத் தீந்துருமுங்களா?”

“தீரும்.”

“போட்டுருங்க.”

தர்மலிங்கமும் வந்தான். “அண்ணா, கம்பெனியே பொய். போர்டு பொய், நீங்க ஹெச்.ஆர். தலைவர்ங்கறது அதைவிடப் பொய். இதுல ஒத்தை பிரசென்ட் பொய்யா இருந்தா ஆருக்கு என்ன கெட்டுப்போகுது?”

அவன் கேட்டது நியாயம்தான். பேனாவைத் திறந்தேன், எழுதவில்லை. கம்பெனி பொய்தான், ஆனால் அத்தனை நாளும் அவள் வந்தது பொய்யில்லை, அது எழுதியிருப்பது அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு நாளுக்காக ஒரு பிள்ளையின் எட்டு மாதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் யார் என்றும் தோன்றியது. பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்து, இரண்டையும் மோகனப்பிரியா பக்கம் தள்ளினேன். “நீ எழுதுனா செரி, கண்ணு,” என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டி அந்த நாளைத் தேடி எடுத்து, அதன் மேல் விரலை வைத்தாள்.

“அன்னிக்கு நான் இங்க வர்லீங்க தாத்தா,” என்றாள். “தொள்ளாயிரத்து நாலு பேருக்கு அமுக்கிப்போட்டு வந்திருக்கறேன். அதை எங்காவது எழுதி வெக்கணுமில்ல.”

“பைத்தியமா உனக்கு?” என்றாள் சிவகாமி. அன்று ‘எந்திரிங்க’ என்று சொன்னவள், இப்போது மகளைத் திட்ட ‘ங்க’ சேர்க்கவில்லை. மோகனப்பிரியா சிரித்துவிட்டாள்.

பதிவேட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். நான் ரிலீவிங் லெட்டர் எழுதினேன்: மோகனப்பிரியா என்பவர் எங்கள் நிறுவனத்தில் ஐம்பத்தொன்பது நாள் தவறாமல் வந்து, எந்த வேலையும் செய்யாமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்து, இன்று விடுவிக்கப்படுகிறார். தர்மலிங்கம் அதை இணைத்து அனுப்பினான். ஆறு மணிக்குப் பதில் வந்தது. மோகனப்பிரியாவே அதைச் சத்தமாகப் படித்தாள், கண்ணாடி இல்லாமல். கழிந்தது முப்பத்தொன்பது வருடம் நான்கு மாதம். மீதி எட்டு மாதம்.